5,000 பேருக்கு ஒரு நர்ஸம்மா... எப்படிச் சமாளிக்கிறார்கள் கிராம சுகாதார செவிலியர்கள்?

உங்கள் ஊரில் கடைசியாகக் குழந்தை பிறந்தது யார் வீட்டில்? அடுத்து பிறக்கப்போவது யார் வீட்டில்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் யோசிக்காமல் பதில் சொல்லக்கூடிய ஒருவர் தமிழ்நாட்டின் ஒவ்வொரு கிராமத்துக்கும் இருக்கிறார். தெருவுக்குள் அவருடைய ஸ்கூட்டி நுழைந்தாலே, ‘நர்ஸம்மா வந்துட்டாங்க’ என்று வீட்டுக்கு வீடு சேதி போய்விடும். ஊசிக்குப் பயந்த குழந்தைகள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும்.

அரசுப் பதிவேட்டில் அவர் பெயர், கிராம சுகாதார செவிலியர். பொது சுகாதாரத்துறையின் கடைசிக் கண்ணி என்பார்கள். மக்களின் பக்கம் நின்று பார்த்தால் அவர்தான் முதல் கண்ணி. டாக்டர், ஆம்புலன்ஸ், பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் அவருக்குப் பிறகுதான்.

தமிழ்நாட்டில் 2004-06 காலகட்டத்தில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 111 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20 காலகட்டத்தில் அது 54-ஆகக் குறைந்தது. அப்போது இந்தியாவின் சராசரி 97. ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 99.6 சதவிகிதப் பிரசவங்கள் மருத்துவமனைகளிலேயே நடக்கின்றன. இந்த எண்களைப் பற்றிப் பேசும்போது மருத்துவக் கல்லூரிகளையும் ‘108’ ஆம்புலன்ஸையும் சொல்வோம். அந்தத் தாயை மூன்றாம் மாதத்திலேயே கண்டுபிடித்து, பெயர் எழுதி, பத்தாம் மாதம் வரை பின்தொடர்ந்தவரைச் சொல்ல மறந்துவிடுவோம்.

அவர் அதை எப்படிச் செய்கிறார்? இன்னும் எத்தனை நாள் அப்படிச் செய்ய முடியும்?

ஒரு சின்னக் கணக்கு

சமவெளிப் பகுதியில் 5,000 பேருக்கும், மலைப் பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது தேசிய அளவுகோல். தமிழ்நாட்டில் இப்படி 8,700-க்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. அவற்றின் பொறுப்பு கிராம சுகாதார செவிலியரிடம் இருக்கிறது.

5,000 பேர் என்றால் எவ்வளவு வேலை? தமிழ்நாட்டில் 2020-ல் 1,000 பேருக்குச் சுமார் 14 குழந்தைகள் பிறந்தன. அப்படியென்றால் ஒரு செவிலியரின் எல்லைக்குள் வருடத்துக்கு ஏறக்குறைய 70 குழந்தைகள்.

ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் குறைந்தது நான்கு பரிசோதனைகள். அது 280. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 42 நாள்களுக்குள் ஆறு முறை வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது தேசிய வழிகாட்டுதல். அது 420. பிறந்தவுடன் போடும் தடுப்பூசிகளை விட்டுவிட்டாலும், முதல் வயதுக்குள் 6, 10, 14-வது வாரங்கள், ஒன்பதாம் மாதம் என நான்கு முறை. அது 280. மொத்தம் 980 சந்திப்புகள்.

வேலை நாள்களுக்குப் பிரித்தால் நாளுக்கு மூன்று அல்லது நான்கு பேர். ‘இவ்வளவுதானா? சமாளித்துவிடலாமே’ என்று தோன்றும். உண்மைதான். தாயையும் சேயையும் பார்ப்பது மட்டுமே வேலை என்றால் சமாளித்துவிடலாம்.

ஆனால், அது மட்டுமே வேலை இல்லை என்பதுதான் பிரச்னை.

மூன்று பக்கமும் நெருக்கடி

பல வேலைகளுக்கு ஓர் ஆள் என்ற யோசனை புதிதல்ல. 1973-ல் கர்தார் சிங் கமிட்டி கொடுத்த அறிக்கை, நோய்க்கு ஒருவர், திட்டத்துக்கு ஒருவர் என்று தனித்தனியாக இருந்த களப்பணியாளர்களை ஒன்றாக்கி, ‘பல்நோக்கு சுகாதாரப் பணியாளர்’ என்ற முறையைப் பரிந்துரைத்தது. ஒரே வீட்டுக்கு நாலு பேர் போவதைவிட, அந்த வீட்டை நன்றாகத் தெரிந்த ஒருவர் போவது மேல் என்பது நல்ல யோசனைதான். ஆனால், பிறகு வந்த ஒவ்வொரு புதுத்திட்டமும் அதே ஒருவரின் பைக்குள் போய் விழுந்தது.

வளரிளம் பெண்களுக்கு நாப்கின், குடற்புழு நீக்க மாத்திரை, வைட்டமின் ஏ திரவம், குடும்பநல ஆலோசனை, தகுதியுள்ள தம்பதியர் கணக்கெடுப்பு, காய்ச்சல் முகாம், மகப்பேறு நிதியுதவிக்கான விவரங்கள்... பட்டியல் நீளும். 2021 செப்டம்பரில் தொடங்கிய கொரோனா மெகா தடுப்பூசி முகாம்கள் ஞாயிற்றுக்கிழமைகளையும் எடுத்துக்கொண்டன.

இரண்டாவது நெருக்கடி, பதிவு. ஒவ்வொரு கர்ப்பிணியின் விவரமும் ‘பிக்மி’ மென்பொருளில் ஏற வேண்டும். அதில் கிடைக்கும் ஆர்.சி.எச் எண்ணைத்தான் ஸ்கேன் எடுக்கும்போதும், பிரசவத்துக்குச் சேரும்போதும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் கேட்பார்கள். எங்கோ ஓர் ஊரில் சிக்கலான கர்ப்பிணி இருப்பது மாவட்டத் தலைமையிடத்தில் இருப்பவருக்குத் தெரிவது இதனால்தான். முறை நல்லது. ஆனால், களத்தில் ஒரு முறை, பதிவேட்டில் ஒரு முறை, மென்பொருளில் ஒரு முறை, மேலிடம் கேட்கும்போது வாட்ஸ்அப்பில் ஒரு முறை என்று ஒரே தகவலைத் திரும்பத் திரும்பக் கொடுக்கும்போது பகல் போதாது. சர்வர் ஒத்துழைக்காத நாளில் பதிவு இரவுக்குத் தள்ளிப்போகிறது. இந்தப் பதிவுச் சுமையைக் குறைக்க வேண்டும் என்பது செவிலியர் சங்கங்களின் நீண்டகாலக் கோரிக்கை.

மூன்றாவது, ‘இன்சார்ஜ்’. பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில் பணியிடம் காலியாக இருந்தாலோ, அங்குள்ளவர் மகப்பேறு விடுப்பில் போனாலோ, அந்தப் பொறுப்பும் இவருக்கே வரும். அப்போது 5,000 பேர் 10,000 ஆகிறார்கள். 980 சந்திப்புகள் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆகின்றன. ஆனால், புதன்கிழமை வாரத்துக்கு ஒன்றுதான்!

புதன்கிழமை என்றால் தடுப்பூசி

தமிழ்நாட்டில் செவ்வாய்க்கிழமை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கான நாள். புதன்கிழமை, தடுப்பூசி நாள். ஊசி போடுவது சில விநாடி வேலை. அதற்கு முன்னும் பின்னும் இருப்பதுதான் நேரத்தைத் தின்னும்.

தடுப்பு மருந்துகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். எடுத்துப்போகும் பெட்டியில் ஐஸ் பேக்குகளை ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு அடுக்கிவிட முடியாது. பென்டாவேலன்ட் போன்ற மருந்துகள் உறைந்தால் கெட்டுவிடும். குலுக்கினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கும்வரை வெளியே வைத்திருந்த பிறகுதான் அடுக்க வேண்டும். பி.சி.ஜி., எம்.ஆர். மருந்துகளைக் கலந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும். ஊசி போட்ட பிறகு குழந்தையை அரை மணி நேரம் உட்காரவைத்துக் கவனிக்க வேண்டும். வராத குழந்தை யார் என்று பட்டியல் பார்த்து போன் செய்ய வேண்டும். அதற்குள், ‘எனக்கு பி.பி கொஞ்சம் பாருங்கம்மா’ என்று ஒரு பாட்டி வந்து உட்காருவார். அவரை எழுந்து போகச் சொல்லவும் முடியாது.

எப்படித்தான் சமாளிக்கிறார்கள்?

இந்த வேலையில் நிலைத்து நிற்பவர்களிடம் சில வழிகள் இருக்கின்றன. பயிற்சி வகுப்புகளில் கற்றது பாதி. களம் கற்றுக்கொடுத்தது மீதி.

முதல் வழி, எல்லாரையும் ஒரே அளவில் பார்க்க முயலாமல் இருப்பது. பட்டியலில் 30 கர்ப்பிணிகள் இருந்தாலும் உடனடிக் கவனம் வேண்டியவர்கள் சிலர்தான். ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனவர், ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டவர், முன்பு சிசேரியன் ஆனவர், இரட்டைக் குழந்தை சுமப்பவர். இவர்களின் பெயரைச் சிவப்பு மையில் தனியாக எழுதிவைத்துக்கொண்டால், எந்த வேலை தள்ளிப்போனாலும் இவர்கள் தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, கை நோட்டு. எத்தனை மென்பொருள் வந்தாலும் பையில் ஒரு நோட்டு இருக்கும். யார் கணவர் வெளிநாட்டில், எந்த மாமியார் மாத்திரை சாப்பிட விடமாட்டார், எந்தப் பெண் எதிரில் தலையாட்டிவிட்டு மாத்திரையை எறவாணத்தில் செருகிவிடுவார் என்ற விவரங்களுக்கு மென்பொருளில் கட்டம் கிடையாது. ஆனால், உயிரைக் காப்பாற்றுவது பல நேரம் அந்த விவரங்கள்தான்.

மூன்றாவது, தனியாக ஓடாமல் இருப்பது. அங்கன்வாடிப் பணியாளரிடம் குழந்தைகளின் எடைக் கணக்கு இருக்கும். மகளிர் குழுவில் யாரைக் கேட்டாலும் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்ணைப் பற்றிய சேதி கிடைக்கும். முக்கியமாக, சக செவிலியர்கள். வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்குப் போவது நம் வழக்கம். எந்த நேரத்தில் கவனிப்பு அதிகம் தேவையோ, அந்த நேரத்தில்தான் கர்ப்பிணி இந்தச் செவிலியரின் கண்ணைவிட்டு மறைகிறார். அப்போது அந்த ஊர்ச் செவிலியருக்கு ஒரு போன். ‘ஒரு பொண்ணு உங்க ஊருக்கு வர்றா, போன வாரம் பி.பி கொஞ்சம் ஏறியிருந்துச்சு, பார்த்துக்கோங்க.’ எந்த அறிக்கையிலும் வராத இந்த ஒரு நிமிடப் பேச்சு, பல அறிக்கைகளைவிடப் பெரிய வேலையைச் செய்கிறது.

நான்காவது, மனப்பாரத்தை இறக்கிவைக்க ஓர் இடம். மாதாந்திரக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும் பத்து நிமிடங்கள், ஆறேழு பேர் மட்டும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப். அங்கேதான் திட்டு வாங்கிய கதையும் சிரிப்பும் அழுகையும் வெளியே வருகின்றன. ‘எனக்கு மட்டும்தான் முடியவில்லையோ’ என்ற எண்ணம் உடைவது, தன்னைப் போலவே இன்னொருவரும் திணறுகிறார் என்று தெரியும்போதுதான்.

சமாளிப்புக்கும் ஒரு விலை உண்டு

எல்லா வழிகளும் நல்லவை அல்ல. வீடு வீடாகப் போகும் நாளில் கழிப்பறைக்கு எங்கே போவது என்ற தயக்கத்தில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். வெயில் காலத்தில் அது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும். காலைச் சாப்பாடு மதியத்துக்கும், மதியச் சாப்பாடு மாலைக்கும் நகரும். ஊருக்கெல்லாம் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பவர், தன் ஹீமோகுளோபினைப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

மனதின் விலை இன்னும் பெரிது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு தாய் இறப்பும் தணிக்கை செய்யப்படுகிறது. எங்கே தாமதமானது, எதைச் சரிசெய்தால் அடுத்த தாயைக் காப்பாற்றலாம் என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம். மாநிலத்தின் தாய் இறப்பு குறைந்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால், அந்தக் கூட்டத்தில் தன் பதிவேட்டோடு எழுந்து நிற்பவர், அந்தப் பெண்ணைச் சில மாதங்களாக வாரம்தோறும் பார்த்துப் பழகியவர். துக்கப்படுவதற்கு முன்பே பதில் சொல்ல வேண்டிய நிலை அவருக்கு. ‘அன்றைக்கு இன்னொரு முறை போய்ப் பார்த்திருக்கலாமோ’ என்ற கேள்வி கோப்பு மூடிய பிறகும் அவரோடு வீட்டுக்கு வரும்.

2019-ல் உலக சுகாதார நிறுவனம், ‘பர்ன் அவுட்’ என்பதை நோய் வகைப்பாட்டின் 11-வது பதிப்பில் விளக்கியது. அடங்காத களைப்பு, வேலையின் மீது விலகலும் வெறுப்பும், தன் வேலையால் பயனில்லை என்ற எண்ணம். இவை மூன்றும் அதன் அடையாளங்கள். இதை ஒரு நோயாக அந்த நிறுவனம் சேர்க்கவில்லை. சரியாகக் கையாளப்படாத, நீண்டகாலப் பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே சொன்னது. அப்படியென்றால் பழுது பார்க்க வேண்டியது முதலில் பணியிடத்தை.

இதில் நோயாளிகளின் உயிரும் சம்பந்தப்பட்டிருக்கிறது. அளவுக்கு மீறிய வேலையில் எவரும் முதலில் காப்பாற்றப் பார்ப்பது, மேலிருந்து கேட்கப்படும் வேலையைத்தான். பதிவு நிரம்பியிருக்கிறதா என்று தினமும் கேட்பார்கள். அந்தப் பெண்ணின் முகம் வீங்கியிருக்கிறதா என்று தினமும் யாரும் கேட்பதில்லை. ஒரு பதிவேட்டில் வரிசையாக எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 110/70 என்று இருந்தால், ஊரில் எல்லாரும் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று நிம்மதி அடைய முடியாது. கருவியை எடுக்க நேரமில்லாத ஒருவர் அங்கே இருக்கிறாரோ என்றுதான் கவலைப்பட வேண்டும். அந்த வரிசையில் ஒருவருக்கு உண்மையில் 150/100 இருந்தால், அது வலிப்பு வந்த பிறகுதான் வெளியே தெரியும்.

கூடுதல் கைகள் என்ன செய்யும்?

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்களுக்கு வீட்டிலேயே பரிசோதனையும் மாத்திரையும் கிடைக்க, உள்ளூர்ப் பெண்கள் தன்னார்வலர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். பிசியோதெரபிஸ்ட்டும், வலி நிவாரண சிகிச்சைக்கான செவிலியரும் வீடு தேடிப் போனார்கள். 2024-ல் இந்தத் திட்டத்துக்கு ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது. சொல்லவரும் பாடம் எளிது. புதிய வேலைக்குப் புதிய கைகளைக் கொடுத்தால் வேலை நடக்கிறது. அந்தக் கைகளுக்கு ஊக்கத்தொகை போதுமா, உரிய ஊதியமும் பாதுகாப்பும் வேண்டாமா என்பது அடுத்து எழும் நியாயமான கேள்வி.

செவிலியர்களுக்கும் அதே பாடம்தான் பொருந்தும். காலிப் பணியிடத்தை நிரப்புவது, ஒரு தகவலை ஒரே இடத்தில் ஒருமுறை மட்டும் கேட்பது, ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கு மாற்று விடுப்பு தருவது, இன்சார்ஜ் பொறுப்புக்குக் கால வரம்பு வைப்பது, தாய் இறப்புத் தணிக்கைக்குப் பிறகு அந்தச் செவிலியரிடம் ஒரு மனநல ஆலோசகர் பேசுவது. இதில் எதுவும் ஆராய்ச்சி செய்து கண்டுபிடிக்க வேண்டியது அல்ல. யோகா வகுப்பும் தியானமும் நல்லவைதான். ஆனால், இரண்டு பேர் வேலையை ஒருவர் செய்யும் இடத்தில், மூச்சுப்பயிற்சி இன்னொரு ஆளாக மாறிவிடாது.

நாம் என்ன செய்யலாம்?

* கர்ப்பம் உறுதியானதும், 12 வாரங்களுக்குள் பதிவு செய்துகொள்ளுங்கள். செவிலியர் தேடிவரும்வரை காத்திருக்க வேண்டாம்.

* தாய்வீட்டுக்கோ வேறு ஊருக்கோ போகும் முன் செவிலியரிடம் தேதியும் முகவரியும் சொல்லுங்கள். தாய்-சேய் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

* தடுப்பூசிக்குச் சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்குள் வாருங்கள். கலந்த மருந்து உங்களுக்காகக் காத்திருக்காது. ஊசி போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள்.

* பொதுவான மருத்துவச் சந்தேகங்களுக்கு 104 இருக்கிறது. அவசரம் என்றால் யோசிக்காமல் 108. கர்ப்பிணிக்குத் தலைவலியோடு கண் மங்குவது, ரத்தப்போக்கு, வலிப்பு, குழந்தையின் அசைவு குறைவது ஆகியவை எந்த நேரத்திலும் அவசரம்தான்.

* வீடு தேடி வருபவருக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள். ‘பாத்ரூம் போகணும்னா போங்கம்மா’ என்று நீங்களே சொல்லுங்கள். அவராகக் கேட்கத் தயங்குவார்.

* சுகாதாரப் பணியாளர்களைத் தாக்குவது 2008-ம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி ஜாமீனில் வர முடியாத குற்றம். கோபத்தைப் புகாராக எழுதுங்கள். கிராம சபையில் ‘எங்கள் துணை சுகாதார நிலையத்தில் ஏன் ஆள் இல்லை?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைச் செவிலியர் கேட்பதைவிட ஊர் கேட்டால் வலு அதிகம்.

* செவிலியராக இருந்து இதைப் படிக்கிறீர்களா? தூக்கம் கெட்டு, வேலையே வெறுத்துப்போகும் அளவுக்கு வந்துவிட்டால் 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். ஊருக்குச் சொல்லும் அதே அறிவுரைதான் உங்களுக்கும். முற்றவிடாமல் ஆரம்பத்திலேயே வாருங்கள்.

கொரோனா காலத்தில் கைதட்டினோம், விளக்கேற்றினோம். ஆண்டுதோறும் மே 12 அன்று செவிலியர் தின வாழ்த்தை ஸ்டேட்டஸில் வைக்கிறோம். ‘தேவதைகள்’ என்கிறோம். வாழ்த்து யாருக்கும் கசக்காது. ஆனால், தேவதைகளுக்குப் பசிக்காது, களைக்காது, இன்சார்ஜ் கொடுத்தால் சுமை தெரியாது. செவிலியர்களுக்கு எல்லாம் உண்டு.

இத்தனை நெருக்கடிக்கு நடுவிலும் சிவப்பு மையில் எழுதிய பெயரை மறக்காமல் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். அதனால்தான் பல வீடுகளில் தொட்டில் ஆடுகிறது. அந்த ஒருவரின் சாமர்த்தியத்தை மட்டும் நம்பி ஓர் ஊரின் பிரசவங்களை விட்டுவைக்கக் கூடாது. பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தின் காலி நாற்காலியில் ஓர் ஆள் வந்து உட்கார்ந்தால், இவருக்கு ஒரு கர்ப்பிணியிடம் இன்னும் ஐந்து நிமிடம் கூடுதலாகப் பேச நேரம் கிடைக்கும். ‘வேற ஏதாவது தொந்தரவு இருக்காம்மா?’ என்று அவர் கேட்பதும், அந்தப் பெண் தயங்கித் தயங்கி உண்மையைச் சொல்வதும் அந்த ஐந்து நிமிடத்தில்தான்.